மச்சான் பெயரில் ஒரு சுழி

மாசி 3, ஞாயிறு

செல்லக்கிளி டீச்சருக்கு அடைக்கலம் எழுதுவது. என் எழுத்தைப் பார்த்துக் கோபிக்கக் கூடாது. கோட்டின் மேல் உட்கார வைக்கச் சொன்னீர்கள். என் எழுத்து என் ஆடுகளைப் போல. ஒன்று கோட்டின் மேல் நிற்கிறது, ஒன்று கீழே இறங்கி மேய்கிறது. 'கை'யும் 'கூ'வும் பக்கத்து வரிக்கே போய்விடுகின்றன. காலைக் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதுவதற்குள் மத்தியானச் சோறு வந்துவிட்டது.

வாரம் ஒரு பக்கம், அன்றாடம் நடப்பதை எழுதச் சொன்னீர்கள். இன்று நடந்தது: கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது. தேதியைக் காலண்டரைப் பார்த்து நானே எழுதினேன். சோப்பு உறையில் இருந்ததை முழுதும் படித்தேன். என் மனைவி பேச்சிக்கும் படித்துக் காட்டினேன். "சோப்பப் போட்டுக் குளிங்க, படிச்சது போதும்" என்றாள்.

எழுபது வயதில் எதற்கு ஐயா படிக்க வந்தீர்கள் என்று அன்று கேட்டீர்கள். பஸ் போர்டு படிக்க என்று சொன்னேன். நம் ஊருக்கு வருவதே ஒரு பஸ்தான் என்று சிரித்தீர்கள். இருக்கட்டும். அந்த ஒன்றையாவது படிப்பேன்.

மாசி 6, புதன்

இன்று 'ழ' எழுதிப் பழகினேன்.

மாயழகு மாயழகு மாயழகு மாயழகு மாயழகு மாயழகு மாயழகு மாயழகு

ழ வருகிற சொல் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அதனால் இந்தப் பெயரை எழுதினேன். வேறு காரணம் இல்லை.

பேச்சி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "என்னங்க, ஒண்ணையே திரும்பத் திரும்ப எழுதுறீக?" என்றாள். வாழைப்பழம் என்று சொல்லி வைத்தேன்.

மாசி 10, ஞாயிறு

ஒவ்வொரு பங்குனியிலும் எங்கள் ஊரிலிருந்து இருபது பேருக்கு மேல் மஞ்சள் துணி கட்டி அம்மன் கோயிலுக்கு நடந்து போவோம். இரண்டு நாள் நடை. அதற்கு முன், மாசி இரண்டாவது ஞாயிறிலிருந்து வாரா வாரம் கால்களைப் பழக்குவதற்காகப் பெரிய கண்மாய் வரை ஒரு நடை. நடத்திக் கூட்டிப் போகிறவர் போஸ். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும்.

இன்று நல்ல நடை. வேம்பு முழுக்கச் செந்துளிர். கண்மாய்க் கரையில் இலுப்பை மரங்கள் இலையைக் கொட்டிவிட்டுப் பூவுக்குத் தயாராக நிற்கின்றன. காலையில் கொஞ்சம் பனி இருந்தது. பெண்கள் எல்லாம் ஒரே பேச்சு.

என் மச்சான் மாயழகும் வந்தார். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இந்த ஊருக்கு வந்து நாலு வருடம்தான் ஆகிறது. அவர் பேச்சியின் அண்ணன். நானும் அவரும் ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை.

எங்கள் மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று போட்டு அவர் பெயரைக் கீழே அச்சடிக்கக் கொடுத்தோம். அச்சாகி வந்ததில் ழ-வுக்கு அடியில் ஒரு சுழி கூடிவிட்டது. மாயழகு என்பது மாயழுகு என்று ஆகிவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. எனக்கு எல்லா எழுத்தும் அப்போது எறும்புதான். ஊர் முழுக்கப் பத்திரிகை போய்ச் சேர்ந்த பிறகு, பார்த்தவர்கள் எல்லாம் அவரை "அழுகு மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் ஐந்தாவது வரை படித்தவர். டீக்கடையில் மற்றவர்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறவர். நான் கேலிக்காக வேண்டுமென்றே போட்டேன் என்றார். நான் இல்லை என்றேன். ஒரு சுழிக்கு இவ்வளவு கோபமா என்றும் கேட்டுவிட்டேன். அதுதான் முற்றிவிட்டது. கல்யாண வீட்டிலேயே, "அவனா முதல்ல பேசாம நான் வாயத் தொறந்தா அம்மன் என்னைக் கேக்கட்டும்" என்று அவர் சத்தியம் செய்தார். நானும் அதையே சொல்லிச் சத்தியம் செய்தேன்.

அதனால் எங்கள் இருவருக்கும் நடுவே பேச்சு என் மனைவி பேச்சிதான். அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் கண்ணில் படுகிற எதனிடமாவது சொல்வோம். இன்று கண்மாய்க் கரையில் மச்சான் என் செம்பைப் பார்த்து, "இந்தச் செம்புக்குள்ள தண்ணி கெடக்கா, காத்து கெடக்கா?" என்றார். நான் இலுப்பை மரத்தைப் பார்த்து, "நெறையக் கெடக்கு, குடிக்கச் சொல்லு" என்றேன். குடித்தார். செம்பைத் தரையில் வைத்தார். கையில் தரவில்லை.

மாசி 14, வியாழன்

சின்னக் குட்டி பால் குடிக்கவில்லை. எழுத நேரம் இல்லை.

மாசி 19, செவ்வாய்

குட்டி பிழைத்துக்கொண்டது.

பேச்சி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். பங்குனி நடை முடிந்ததும் மச்சானைத் திருப்பூருக்குக் கூட்டிப் போகிறானாம் அவர் மகன். அவர் மனைவி, எங்கள் அத்தாச்சி, இறந்து இரண்டு வருடம் ஆகிறது, தனியாக எத்தனை நாள் பொங்கித் தின்பார் என்று கேட்கிறானாம். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பேச்சியிடம் கொடுத்துவிட்டுப் போகப் போகிறார்.

நல்லதுதான். மகனோடு இருப்பது நல்லதுதானே. எனக்கு இதில் ஒன்றும் இல்லை.

இன்று சோறு இறங்கவில்லை. கத்தரிக்காய் கசப்பு. பேச்சி, கசப்பே இல்லை என்கிறாள்.

மாசி 21, வியாழன்

டீச்சர், இன்று வகுப்பு முடிந்ததும் உங்களிடம் ஒன்று கேட்டேன். ஒருவரிடம் எழுதிக் காட்டினால் அது பேசியதாக ஆகுமா என்று. "பேச்சு வேற, எழுத்து வேற ஐயா" என்றீர்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்றீர்கள். சும்மா, இலக்கணச் சந்தேகம் என்றேன்.

மாசி 24, ஞாயிறு

கண்மாய்க்கு அந்தப் பக்கம் ரோட்டில் புதிதாக ஒரு டீக்கடை வந்திருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்தோம். வெளியே போர்டு. நான்தான் முதலில் படித்தேன், சத்தமாக: "பா-த-ம் பா-ல்."

எல்லோரும் கை தட்டினார்கள். போஸ் ஒரு விசில் அடித்தார். ஆனால் மச்சான் டீயைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குத் தப்பாக எழுதியதைப் பார்த்தால் பொறுக்காது. கல்யாண பேனரோ, தேர்தல் சுவரோ, எதுவானாலும் நின்று திட்டிவிட்டுத்தான் நகர்வார்.

"ஏம்ப்பா, இது யாரு பாதத்துல கறந்த பாலு?" என்று கடைக்காரரைக் கேட்டார். "கால் போடணும்யா. பா-தா-ம்!" கடைக்காரர், "யாருய்யா இதெல்லாம் பாக்குறா, குடிச்சா இனிக்கிதா இல்லையா?" என்றார். மச்சான் அடுப்புக் கரித்துண்டு ஒன்றை எடுத்து, செருப்பில்லாத காலால் பெஞ்சின் மேல் ஏறி, அந்தக் காலைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

பேச்சி என்னிடம் மெதுவாக, "எங்கண்ணன் வாய மூட வைக்க ஆளில்ல. உங்ககிட்ட மட்டும்தான் மூடி வச்சிருக்காரு" என்றாள்.

அதை யோசித்துக்கொண்டே வந்தேன். வழியில் புரசு பூத்திருந்தது. இலையே இல்லை, மரம் முழுக்கத் தீ பிடித்தது போல. மச்சான் அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றார். திருப்பூரில் புரசு இருக்குமா, தெரியவில்லை.

பங்குனி 2, திங்கள்

மஞ்சள் துணி நனைத்துக் காயப் போட்டது பேச்சி. வேப்பெண்ணெய்ப் புட்டி, துண்டு, இந்த நோட்டு, பேனா எல்லாம் பையில் வைத்தது நான். ஆட்டைப் பக்கத்து வீட்டில் விட்டாயிற்று. நல்லதாக ஒரு கம்பு வெட்டி, முனையைச் சீவி வைத்தேன். நடப்பதற்குத்தான்.

பங்குனி 7, சனி

இப்போது மத்தியானம். ஒரு ஊர்க் கண்மாய்க் கரையில் இருக்கிறோம். சோறு வேகிறது. எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் எழுதுகிறேன்.

காலையில் கோழி கூவ மஞ்சள் உடுத்திக் கிளம்பினோம். உளுந்துக் காடு காய்ந்து வெடித்துக் கொண்டிருக்கிறது. முருங்கை எல்லாம் பூ. நடந்து வருகிற வழியில் ஒரு கண்மாயில் மீன்பிடித் திருவிழா. ஊரே சேற்றில் இறங்கிக் கூடை போட்டுக் கவிழ்க்கிறது. எவ்வளவு பெரிய விரால்! விரதத்தில் இருக்கிறவர்கள் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று போஸ் இரண்டு விசில் அடித்தார். அவரே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். "ஏ போசு, விசில விட்டுப்புட்டு நாக்கப் புடி!" என்று பெண்கள் கத்தினார்கள்.

மச்சான் எப்போதும் முன்னால் போகிறவர், இன்று பின்தங்கினார். இடது காலை இழுத்து வைத்தார். நான் அவருக்கு முன்னால் போய், ஈர மண்ணாகப் பார்த்து, என் கம்பால் எழுதினேன்:

மச்சான் காலில் முள்ளா

எழுதிவிட்டுத் தள்ளிப் போய் நின்று வானத்தைப் பார்த்தேன். கம்பை இறுக்கி ஊன்றிக்கொண்டேன். வயதாகிவிட்டது.

அவர் வந்தார். நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். சுற்றிப் பார்த்தார். பிறகு குடையின் முனையால் கீழே எழுதினார். எனக்கு அதைப் படிக்க நேரம் பிடித்தது. அவர் எழுத்து வேகமானது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கொப்-பு-ள-ம்.

டீச்சர், ஒன்பது வருடத்துக்குப் பிறகு மச்சான் எனக்குச் சொன்ன முதல் சொல் கொப்புளம்.

நான் எழுதினேன்: வேப்பெண்ணெய் இருக்கு.

அவர் எழுதினார்: 'இருக்கிறது' என்று எழுத வேண்டும்.

வேப்பெண்ணெய்ப் புட்டியை மண்ணில் வைத்தேன். எடுத்துத் தடவிக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை. கெட்டிக்காரர். எழுத்திலேயே திருத்திவிட்டு எழுத்திலேயே முடித்துவிட்டார். இப்படியே எழுதிக்கொண்டிருந்தால் சத்தியம் இரண்டு பேருக்கும் பத்திரமாக இருக்கும். அவரும் பத்திரமாகத் திருப்பூர் போய்ச் சேர்ந்துவிடுவார்.

பேச்சி திரும்பி வந்து பார்த்தாள். "ரெண்டு பேரும் தரையில என்னத்தக் கோழி மாதிரிக் கிளறிக்கிட்டு நிக்கிறீக? கூட்டம் அங்கிட்டுப் போயிருச்சு!"

பங்குனி 8, ஞாயிறு

கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கோயிலுக்கு முன்னால் ஆறு ஒன்று. தண்ணீர் கிடையாது, அகலமாக மணல்தான். அதைக் கடந்தால் கோபுரம். கோயிலுக்குள் போய்விட்டால் அப்புறம் தேங்காய், கூட்டம், பஸ். ஊருக்குத் திரும்புவது பஸ்ஸில். நடை இந்த ஆற்றோடு சரி.

நான் எல்லோருக்கும் முன்னால் மணலில் இறங்கினேன். "இந்தாளுக்கு என்ன வந்துச்சு, சாமியா ஏறியிருக்கு?" என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. நடுமணலில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம் இருக்கும்படி எழுதினேன்:

மாயழுகு மச்சானுக்கு வழி விடவும்

டீச்சர், சுழி ஒன்று கூடிவிட்டது. மணலில் கம்பு சறுக்கும். அதுதான் காரணம்.

முன்னால் வந்தவர்களில் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். போஸ் மட்டும் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அன்று அவருக்குக் காயம் பட்ட அதே இடத்தில்தான் இன்றும் படப் போகிறது. இதையும் கேலி என்று எடுத்துக்கொண்டு அவர் திரும்பிப் போய்விட்டால்? அழித்துவிடலாம் என்று காலை வைத்தேன். அதற்குள் வந்துவிட்டார்.

படித்தார். முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. குடை கீழே விழுந்தது.

"அழகுய்யா! அழகு! அழுகு இல்ல! மாய-ழ-கு!" என்று ஆறு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "எவன்யா ஒனக்கு அடியில சுழி போடச் சொன்னது? எழுதத் தெரியலைன்னா கேக்குறதுக்கென்ன?" என்று சொல்லிக்கொண்டே மணலில் மண்டி போட்டு, அந்தச் சுழியை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து அழித்தார்.

போஸ் மெதுவாக ஒரு விசில் அடித்தார்.

மச்சான் கையை அப்படியே மணலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"யோவ் மாப்ள. நான் பேசிட்டேனாய்யா?"

"பேசிட்டீக மச்சான்."

"நானா மொதல்ல?"

"நீங்கதான் மச்சான்."

அவர் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு அழித்த இடத்தைப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கும் ஒனக்குத் தெரியாமத்தான் போயிருக்கு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "இப்ப எழுத்துப் படிச்ச பெறகும் அதே எடத்துல அதே தப்பப் பண்ணுறியேய்யா. படிக்காத காலத்துல ஒனக்கு என்ன தெரிஞ்சிருக்கும். நாந்தான், நீ வேணும்னே பண்ணிட்டன்னு நெனச்சு... ஒம்பது வருசம் மாப்ள."

ஆற்றில் காற்று அதிகம், கண்ணில் மணல் விழுந்துவிட்டது.

கை கொடுத்துத் தூக்கினேன். செம்பைத் தரையில் வைக்காமல் கையிலேயே கொடுத்தேன். கையிலேயே வாங்கிக் குடித்தார்.

பேச்சி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஒம்பது வருசமா என் ஒரு வாயில மூணு பேரு பேசிக்கிட்டிருந்தோம். இனிமே நான் கொஞ்சம் சும்மா வரலாமில்ல?" என்றாள். ஆனால் சும்மா வரவில்லை. கோயில் வாசல் வரை அழுதுகொண்டும் எங்களைத் திட்டிக்கொண்டும்தான் வந்தாள்.

மச்சான் ஆற்றைக் கடக்கும் வரை பேசினார். பஸ் போர்டு, பேப்பர், திருப்பூர் மருமகள் சமையல், மாடு விற்றது, அத்தாச்சி கடைசியில் என்ன சொன்னாள் என்பது. எல்லாம் எனக்குப் பேச்சி மூலமாக வந்த செய்திதான். ஆனாலும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டேன்.

அம்மன் முன்னால் நிற்கும்போது, "ஆத்தா, நாந்தான் தோத்தேன், அவன ஒண்ணும் செஞ்சுறாத" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. நான் என்ன வேண்டினேன் என்பதை எழுத மாட்டேன். அது அம்மனுக்கும் எனக்கும் நடுவில்.

பங்குனி 10, செவ்வாய்

வியாழக்கிழமை மச்சான் திருப்பூர் கிளம்புகிறார். நேற்றும் இன்றும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நேற்று விரால் குழம்பு. விரதம் முடிந்துவிட்டது, போஸும் வந்து சாப்பிட்டார்.

மச்சான் எனக்கு ஒரு கட்டளை போட்டிருக்கிறார். வாரம் ஒரு கடிதம் அவருக்கு எழுத வேண்டும். அதைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவாராம். "நீ இன்னும் ரொம்பப் பழகணும் மாப்ள. ழ-வே ஒனக்கு வரலையே" என்று போஸ் முன்னாலேயே சொன்னார். ஆமாம் மச்சான், வரவில்லை என்றேன்.

டீச்சர், இப்போது ஒரு உதவி. நாளைக்கு அவர் வகுப்புக்கு வந்து என் நோட்டைப் பார்க்கப் போகிறாராம். நீங்கள் திருத்தியது சரிதானா என்று பார்க்க வேண்டுமாம். நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் குணம் அப்படி. நான் அவருக்காக வேறு நோட்டு ஒன்று கொண்டு வருகிறேன். இந்த நோட்டு என்று ஒன்று இருப்பதாகவே நீங்கள் காட்டிக்கொள்ளக் கூடாது. அப்படியும் அவர் கையில் கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று, மாசி ஆறாம் தேதிப் பக்கத்தை அடுத்த பக்கத்தோடு சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். அதைப் பிரிக்க வேண்டாம். அதில் வாழைப்பழம் என்றுதான் எழுதியிருக்கிறது.

வியாழன் காலையில் நம் ஊருக்கு வருகிற அந்த ஒரே பஸ்ஸில்தான் அவரை ஏற்றிவிடப் போகிறேன். போர்டை நான் சத்தமாகப் படிப்பேன். ஒரு எழுத்தைத் தப்பாகப் படிப்பேன் என்று நினைக்கிறேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திருத்தட்டும். பஸ் எவ்வளவு தூரம் போகிற வரை அவர் குரல் கேட்டது என்பதை அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.